பரண் முதல் ஸ்லாட்டட் ஆங்கிள் வரை

தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உள்ள பழைய வீடொன்றின் கார் ஷெட்டை எட்டிப் பாருங்கள். பின்சுவரை ஒட்டிச் சாம்பல் நிற இரும்புக் கால்கள் நிற்கும். கால் முழுவதும் வரிசை வரிசையாக நீள்துளைகள். அவற்றில் போல்ட் போட்டு முடுக்கிய தட்டுகள். தட்டுகளின்மேல் பெயிண்ட் டப்பா, பழைய டயர், நாளிதழ்க் கட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, கொலு பொம்மைப் பெட்டி. நவராத்திரி வந்தால் இதே வகைக் கால்களும் தட்டுகளும் கூடத்திற்கு வந்து கொலுப்படியாகவும் மாறுவதுண்டு.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் பெயர் ‘ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்’. வீட்டின் அளவுக்கும் பொருளின் அளவுக்கும் ஏற்ப நாமே திட்டமிட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடிய அலமாரி இது. இதைக் கண்டு வியப்பவர் யாருமில்லை. ஆனால் இதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஏறத்தாழ மூன்று அடிக்கு ஒரு கால் ஏன்? இரும்பை ஏன் ‘எல்’ வடிவில் மடித்திருக்கிறார்கள்? நாலைந்து துளை போதும் என்ற இடத்தில் ஏன் நாற்பது துளை?

மூன்று கேள்விகளுக்கும் விடை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் கிடைத்தது. முதல் விடையைத் தேடியவர் வீட்டுக்காவலில் இருந்த ஒரு முதியவர். மூன்றாவது விடை ஒரு பொம்மைப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பொம்மைக்கும் நம் சென்னைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. வரிசையாகப் பார்ப்போம்.

கல்லும் மரமும் தாங்கிய காலம்

பொருள்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது நமக்குப் புதிதன்று. எலிக்கும் எறும்புக்கும் எட்டாத உறி, விளக்குக்கு மாடம், நெல்லுக்குக் குதிர், அன்றாடம் தேவைப்படாதவற்றுக்குப் பரண். மயிலாப்பூர் மாடவீதிகளின் பழைய வீடுகளில் கனத்த சுவரைக் குடைந்து சுவரலமாரி அமைத்தார்கள். பின்னர் கடப்பைக் கல் வந்தது. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் அந்தக் கருநிறச் சுண்ணாம்புக்கல், சென்னைச் சமையலறைகளின் தட்டாகவே ஆகிவிட்டது. கரையான் அரிக்காது, துரு ஏறாது, தண்ணீர் பட்டாலும் கெடாது.

ஆயினும் கல்லுக்கு ஒரு குறை. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட கற்பலகையின்மேல் பாரம் வைத்தால் அதன் மேல்பரப்பு சற்றே சுருங்குகிறது. அடிப்பரப்பு சற்றே நீள்கிறது. நீட்சியைக் கல் பொறுக்காது. அடியில் ஒரு மயிரிழை விரிசல் தோன்றினால் போதும், முன்னறிவிப்பில்லாமல் இரண்டாகும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கல் உத்தரம் நீண்ட தூரத்தைத் தாண்டாது என்பதைச் சிற்பிகள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வீடு கட்டிய கொத்தனாரும் அதே அறிவோடுதான் கடப்பைக் கல்லுக்கு இரண்டு அல்லது மூன்று அடிக்கு ஒரு தாங்கு சுவர் எழுப்பினார்.

அனுபவம் எது நிற்கும் என்று சொல்லும். ஏன் நிற்கிறது, எவ்வளவு தாங்கும் என்று சொல்ல அறிவியல் வேண்டும்.

ஆர்செட்ரியில் ஒரு கணக்கு

கலிலியோ என்றதும் தொலைநோக்கியும் வியாழனின் துணைக்கோள்களும் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய கடைசிப் பெரும் நூல் வானத்தைப் பற்றியதன்று. திருச்சபையின் தண்டனைக்கு ஆளாகி, பிளாரன்ஸ் நகரை அடுத்த ஆர்செட்ரியில் வீட்டுக்காவலில் இருந்தபோது அவர் எழுதி முடித்த ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூல், 1638-இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அந்த இரு அறிவியல்களில் ஒன்று இயக்கம். மற்றொன்று, பொருள்கள் எப்படி முறிகின்றன என்பது.

அந்நூலில் ஒரு படம் உண்டு. சுவரில் ஒரு முனை பதிந்த மர உத்தரம்; மறுமுனையில் தொங்கும் பாரம். சுவரில் கடப்பைக் கல்லைப் பதித்து வெளியே நீட்டி விட்டால் எப்படியோ அப்படி. உத்தரத்தின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரு மடங்காகும். ஆனால் உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும் என்று கலிலியோ காட்டினார். ஒரு மரச்சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் அது ஏன் அதிகம் தாங்குகிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் கணக்கு வழியில் கிடைத்த விடை இது.

அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் இழுக்கப்படுவதாக அவர் கொண்டார். உண்மையில் ஒரு பாதி இழுபடுகிறது, மறு பாதி அழுந்துகிறது; நடுவே இரண்டும் இல்லாத ஒரு நடுநிலைப் பரப்பு இருக்கிறது. இதனால் அவர் கண்ட வலிமை உண்மையைவிட மூன்று மடங்கு மிகுந்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பாரானும் குலோமும் இதைத் திருத்தினர். ஆயினும் அகலம், உயரம் பற்றிய கலிலியோவின் விகிதங்கள் இன்றும் சரியே.

அதே நூலில் அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி, அலமாரி செய்பவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஒரு பெரிய பளிங்குத் தூணை இரு மரக்கட்டைகள்மேல் படுக்க வைத்திருந்தனர். நடுவில் முறிந்துவிடுமோ என்று அஞ்சிய ஒருவர், நடுவிலும் ஒரு கட்டையைக் கொடுத்தார். சில மாதங்களில் தூண் முறிந்தது. அதுவும் சரியாகப் புதுக்கட்டையின்மேல். ஓரக்கட்டை ஒன்று மட்கித் தாழ்ந்துவிட, தூணின் ஒரு பாதி பிடிமானமின்றி அந்தரத்தில் நின்றதே காரணம். மூன்றாவது கால் கொடுத்தால் மட்டும் போதாது. மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்கவும் வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

ஓர் அடி நீண்டால் என்ன ஆகும்?

முறிவது ஒன்று, தொய்வது மற்றொன்று. நம் வீட்டுத் தட்டுகள் பெரும்பாலும் முறிவதில்லை. நடுவில் தொய்ந்து, பிறகு நழுவி விழுகின்றன. இந்த வளைவின் கணக்கை 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் பெர்னூலியும் ஆய்லரும் உருவாக்கினர். வளையும் பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்ணை 1807-இல் இங்கிலாந்தின் தாமஸ் யங் விளக்கினார். அதுவே யங் குணகம்.

இயற்பியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இது பழகிய செய்தி. ஆய்வுக்கூடத்தில் மீட்டர் அளவுகோலை இரு கத்தி முனைகளின்மேல் வைத்து, எடைகளைத் தொங்கவிட்டு, ஊசிமுனையின் இறக்கத்தை நுண்ணோக்கியால் அளந்து யங் குணகம் காண்கிறோம் அல்லவா? அந்த அளவுகோல்தான் அலமாரித் தட்டு. கத்தி முனைகள்தாம் கால்கள். பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்கியபின் மறந்துவிடும் அந்தச் சோதனை, ஒவ்வொரு வீட்டுச் சுவரோரமும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

கணக்கு சொல்வது இதுதான். ஒரே மொத்தப் பாரத்துக்குத் தொய்வு, கால்களுக்கிடையே உள்ள தூரத்தின் முப்படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஆனால் தட்டை நீளமாக்கினால் நாம் பொருளையும் அதிகமாக அடுக்குவோம் அன்றோ? முழுத் தட்டும் நிரம்பினால் தொய்வு தூரத்தின் நாற்படிக்கு ஏற்ப உயரும். இரு மடங்கு நீளம், பதினாறு மடங்கு தொய்வு!

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 19 மி.மீ. தடிப்பும் 30 செ.மீ. அகலமும் உள்ள பிளைவுட் பலகை ஒன்றில் புத்தகங்களை அடுக்குகிறோம். மீட்டருக்கு 30 கிலோ எடை என்று கொள்வோம். கால்கள் 90 செ.மீ. தள்ளி நின்றால் நடுவில் தொய்வு ஏறத்தாழ 2.5 மி.மீ.; கண்ணுக்கே தெரியாது. அதே பலகை 180 செ.மீ. தூரத்தைத் தாண்டினால் தொய்வு ஏறத்தாழ 40 மி.மீ.; நான்கு சென்டிமீட்டர்! பிளைவுட்டின் தரத்துக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும், விகிதம் மாறாது. அதுவும் இது முதல் நாள் தொய்வு மட்டுமே. மரம் பாரத்தின் கீழ் நாட்பட நாட்பட மேலும் மெல்லத் தளர்ந்து கொடுக்கும். கடற்காற்றின் ஈரத்தில் இது இன்னும் கூடும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பலகையின் தடிப்பை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். அதாவது 40 மி.மீ. 5 மி.மீ. ஆகும். ஆனால் மரச்செலவு இரட்டிக்கும். மாறாக, நடுவில் ஒரு கால் கொடுத்தால் தொய்வு 2.5 மி.மீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரு காலின் விலை ஒரு பலகையின் விலையைவிடக் குறைவு. மூன்று அடிக்கு ஒரு கால் ஏன் என்ற முதல் கேள்விக்கு விடை இதுவே. பலகையைத் தடிப்பாக்குவதைவிடக் கால்களை நெருக்குவது சிக்கனம். நம் கொத்தனாரும் சிற்பியும் கையால் அறிந்ததை ஆய்லர் காகிதத்தில் கண்டார்.

மடித்தால் வலிமை

இரண்டாவது கேள்விக்கு நீங்களே இப்போது விடை காணலாம். ஓர் அஞ்சலட்டையை இரு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நடுவில் வைத்தால் அட்டை குழிந்துவிடும். அதே அட்டையை நீளவாக்கில் நடுவே மடித்து, கூரைபோல் கவிழ்த்து வையுங்கள். நாணயங்களைச் சரியாமல் நிறுத்துவதுதான் கடினமாக இருக்கும், பாலம் அசையாது. அட்டையில் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. பொருளை நடுநிலைப் பரப்பிலிருந்து விலக்கி வைத்தோம், அவ்வளவே.

இரும்புக்கும் இது பொருந்தும். 80 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புப் பட்டையைத் தட்டையாக வைத்தால் கையாலேயே வளைக்கலாம். அதையே நடுவில் மடித்து 40 மி.மீ. பக்கங்கள் உள்ள ‘எல்’ சட்டமாக்கினால், அது மிக எளிதில் வளையக்கூடிய திசையில்கூட விறைப்பு ஏறத்தாழ 200 மடங்காகிறது. அதே இரும்பு, அதே எடை, இருநூறு மடங்கு விறைப்பு! நேர்மூலை கொண்ட இந்தச் சட்டமே நம் பட்டறைகளில் ‘ஆங்கிள்’ எனப்படுகிறது.

நிற்கும் கால்களுக்கு வேறொரு விதி. மெல்லிய கம்பை உச்சியில் அழுத்தினால் அது நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். எவ்வளவு பாரத்தில் வளையும் என்பதை ஆய்லர் 1744-இல் கணக்கிட்டார். பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே தட்டுகள் பொருளைத் தாங்குவதோடு நிற்பதில்லை. கால்களை இடையிடையே பிடித்தும் கொள்கின்றன. ஆறடி உயரக் காலில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டால் இடம் கிடைக்கும். கால் அந்த அளவுக்கு வலுவிழக்கும்.

லிவர்பூல் தந்தையின் பொம்மை

இனித் துளைகளின் கதை. இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி என்ற எழுத்தர் இருந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுவது அவர் வேலை. தம் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிப் பாரந்தூக்கி பொம்மைகள் செய்துவந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வோர் அளவில் புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது. பட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே சீரான இடைவெளியில் துளைகள் இருந்தால், எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் பூட்டலாமே! இன்று பாரந்தூக்கியாக இருப்பதை நாளை கழற்றிப் பாலமாக்கலாமே! அரை அங்குலத்துக்கு ஒரு துளை என்ற விதியோடு 1901-இல் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்தப் பொம்மை ‘மெக்கானோ’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

இதில் உள்ள கருத்து எளியது, ஆனால் ஆழமானது. என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதில்லை. சில அடிப்படைத் துண்டுகளும் அவற்றை இணைக்கும் ஒரு முறையும் இருந்தால் போதும்.

இந்தக் கருத்து சென்னைக்கு முதலில் வந்தது இரும்பு வடிவில் அன்று, நூலக வடிவில். சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். பயிற்சிக்காக லண்டன் பல்கலைக் கல்லூரிக்குச் சென்றார். அன்றைய நூலகங்களின் வகைப்பாட்டு முறைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு எண் கொடுத்துவிட்டால், நாளை பிறக்கும் புதிய துறைக்கு எங்கே இடம்? லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பெட்டியைப் பார்த்தபோது அவருக்கு விடை தோன்றியது. ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மைகள் செய்வதுபோல, அடிப்படைக் கருத்துகளைக் குறிக்கும் எண்களை இணைத்து எந்த நூலுக்கும் எண் அமைக்கலாம். போல்ட்டுக்குப் பதில் அவர் பயன்படுத்தியது முக்காற்புள்ளி என்ற இரட்டைப் புள்ளி! 1933-இல் சென்னையில் வெளியான அந்தக் கோலன் பகுப்பு முறை, அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதைத் தம் ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தவர் அரங்கநாதன். வளரும் ஒன்றுக்கு இறுகிப்போன சட்டகம் உதவாது. இது நூலுக்கு மட்டுமா பொருந்தும்? நூல் அடுக்கும் தட்டுக்கும் பொருந்தும்.

அச்சகத்தில் பிறந்த சட்டம்

அரங்கநாதன் படித்த அதே லண்டன் பல்கலைக் கல்லூரியில் 1920-களில் பொறியியல் பயின்றவர் டெமெட்ரியஸ் கொமினோ. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1902-இல் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்புக்குப் பின் லண்டனில் ஓர் அச்சகம் தொடங்கினார். அச்சகம் என்றால் காகிதக் கட்டுகளுக்கும் அச்செழுத்துப் பெட்டிகளுக்கும் முடிந்த நூல்களுக்கும் தட்டுகள் வேண்டும். புதிய எந்திரம் வந்தால் இடம் மாறும். இடம் மாறினால் பழைய தட்டுகள் பொருந்தாது. அவற்றை உடைத்துவிட்டு மறுபடியும் தச்சரை அழைக்க வேண்டும். இந்த வீண்செலவு அவருக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர்களுக்கான மெக்கானோ ஒன்றை அவர் சிந்தித்தார். இரும்புப் பட்டையில் சீரான இடைவெளியில் துளை அடித்து, பின்பு அதை ‘எல்’ வடிவில் மடித்து, வண்ணம் பூசி, நீள நீளமாக விற்பது. வாங்குபவர் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். துளையிட வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். ஒரு ஸ்பானர் போதும். 1947-இல் அவர் தொடங்கிய டெக்சியன் நிறுவனம் இதைப் பெருமளவில் தயாரித்தது. போர் முடிந்து தொழிற்சாலைகளும் கிடங்குகளும் புதிதாக எழுந்த காலம். ஸ்லாட்டட் ஆங்கிள் விரைவிலேயே நாடு நாடாகப் பரவியது.

துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருப்பதைக் கவனியுங்கள். சற்று முன்னே பின்னே நகர்த்திப் பூட்டுவதற்கு அது இடம் தருகிறது. தரை எங்கும் முழு மட்டமாக இருப்பதில்லை. நடுக்கால் சற்றுத் தூக்கி நின்றால் கலிலியோ கண்ட பளிங்குத் தூணின் கதைதான். நீள்துளை இருப்பதால் போல்ட்டைத் தளர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி முடுக்கலாம். நாற்பது துளை ஏன் என்ற கேள்விக்கு இதுவே விடை. நாளை எந்தத் துளை தேவைப்படும் என்பது இன்று தெரியாது. ஆகவே எல்லா இடத்திலும் துளை.

ஏரி இருந்த இடத்தில்

இந்த மூன்று விடைகளும் ஒன்றுகூடிய இரும்புச் சட்டம் சென்னை வீடுகளுக்குள் வந்தபோது நான்காவது கேள்வி ஒன்றை எதிர்கொண்டது. அது தண்ணீர்.

தியாகராய நகர் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் உருவான குடியிருப்பு. நீண்ட ஏரி என வழங்கிய நீர்நிலையின் பகுதியை வடித்து மனைகளாக்கினர். மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ’ சாலையும் நுங்கம்பாக்கத்தின் ‘லேக் ஏரியா’வும் அந்த ஏரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டத்தோடு கூடிய வீடுகளில் ஓரமாக மோட்டார் கொட்டகை கட்டினர். பிறகு வந்த அடுக்குமாடி வீடுகளில் தரைத்தளமே கார் நிறுத்துமிடம் ஆனது. வீட்டில் இடம் போதாத பொருளெல்லாம் இறங்கி வந்தது இந்தத் தாழ்ந்த இடத்துக்கே. மழைநீர் முதலில் தேடி வருவதும் இதே இடத்தைத்தான்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளின் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நீர் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் தட்டு முறியாது. தட்டில் இருப்பது அழியும். பள்ளிச் சான்றிதழ், தாத்தாவின் நாட்குறிப்பு, குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. எந்தத் துளையில் அடித்தட்டைப் பூட்டினோம், அதில் எதை வைத்தோம் என்பதே அன்று இழப்பைத் தீர்மானிக்கிறது.

இங்கே இயற்பியலும் வெள்ளமும் முரண்படுவதுபோல் தோன்றும். கவிழாமல் நிற்கக் கனமான பொருள் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஈர்ப்பு மையம். காகிதமோ கனமானது, ஓர் அடி உயர நாளிதழ்க் கட்டே ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். நனைவதை மேலே வை என்கிறது வெள்ளம். இரண்டையும் இணைக்க வழி உண்டு. கனமானதும் நனைந்தால் கெடாததும் கீழ்த்தட்டுக்கு: அண்டா, அம்மி, கருவிப் பெட்டி. கனமானதும் நனைந்தால் கெடுவதும் நெஞ்சளவுத் தட்டுக்கு: புத்தகம், ஆவணம். இலேசானது உச்சிக்கு: பிளாஸ்டிக் வாளி, காலிப் பெட்டி. மேலும், அலமாரியின் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். அப்போது பாரம் சற்று உயரத்தில் இருந்தாலும் கவிழாது.

நீங்களே செய்வதானால்

பத்தடிச் சுவருக்கு அலமாரி செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை கண்டவற்றை வரிசையாகப் பயன்படுத்துங்கள்.

முதலில் பொருள்களை அளந்து எடை போடுங்கள்; அப்புறம் அலமாரியை நினையுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் நிரம்பினால் 20 கிலோ. நான்கு கேன் ஒரு பெரிய மனிதரின் எடை. நீண்ட இடைவெளி ஒன்றைவிட, மூன்று அடிக்குச் சற்று மிகுந்த மூன்று இடைவெளிகள் மேல்.

அடுத்து, சாய்வைத் தடுங்கள். நான்கு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டி ஒரு பக்கம் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். மூன்று சட்டங்களின் முக்கோணம் உருமாறாது. எனவே மூலைகளில் முக்கோணத் தகடுகளும் முதுகில் குறுக்குச் சட்டங்களும் அவசியம். பாரம் தாங்கும் வலிமை இருந்தும் சரிந்து விழும் அலமாரிகளில் பெரும்பாலும் இல்லாதிருப்பது இந்த முக்கோணமே.

மூன்றாவது, துரு. கடலிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது; உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து அரிப்பை விரைவுபடுத்துகிறது. அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் பகுதியினர் இதை நன்கு அறிவர். கடையில் வெட்டிக் கொடுத்த முனைகளில் பூச்சு இருக்காது. துரு அங்கேதான் தொடங்கும். வெட்டுமுனைகளில் ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடியுங்கள். காலின் அடியில் தகடோ பிளாஸ்டிக் உறையோ கொடுத்தால் ஈரத் தரையைத் தொடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் கீழ்ப்பகுதி போல்ட்டுகளைப் பாருங்கள்.

நான்காவது, தட்டு. அமுக்கிய மரத்தூள் பலகை விலை மலிவு. தண்ணீர் பட்டால் உப்பிப் பயனற்றுப் போகும். தரைத்தளத்துக்கு இரும்புத் தகட்டுத் தட்டே ஏற்றது. அடித்தட்டை உங்கள் தெருவில் கடந்த வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேலே பூட்டுங்கள். அந்த மட்டத்தைச் சுவரில் படிந்த கறையோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ சொல்லுவர். வெள்ளம் மிக உயர்ந்த பகுதியானால், திரும்பக் கிடைக்காத ஆவணங்களுக்கு உரிய இடம் மாடியே. அடுக்குமாடிக் குடியிருப்பானால், கார் நிறுத்துமிடத்தின் எந்தச் சுவர் பொது, எது வழி என்பதை அண்டை வீட்டாரோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முழு உயரத்தையும் ஒரே நாளில் நிரப்பிவிடாதீர்கள். ஒரு மாதம் பொறுத்து ஒரு நூலைத் தட்டின் இரு முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். இறக்கம் கூடிக்கொண்டே போனால் பாரத்தைக் குறையுங்கள். இல்லையேல் இன்னொரு கால் கொடுங்கள். அதற்கான துளையைக் கொமினோ ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்.